ஐப்பசியில் ஆமையைத் தேடலாமா? சுரங்கத் தாக்க மதிப்பீட்டைப் படிக்கப் பழகுதல்

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில், தென்மேற்குப் பருவக்காற்று அடித்து ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில் ஒரு கைப்பிடி மணலை அள்ளிப் பாருங்கள். அது ஒரே நிற மணலாக இருக்காது. வெளிறிய துகள்களுக்கு இடையே கறுப்பாக மின்னுவது இல்மனைட், செந்நிறத்தில் தெரிவது கார்னெட், உற்றுப் பார்த்தால் தேன் நிறத்தில் தட்டுப்படும் சிறு மணி மோனசைட். இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு, 1909ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இந்தக் கரையின் மோனசைட்டைக் கண்டறிந்தார். அதிலிருந்து நூறாண்டுகளுக்கு மேலாக இந்த மணலுக்குச் சந்தையில் மதிப்பு இருந்துவருகிறது. மோனசைட்டில் கதிரியக்கத் தனிமமான தோரியம் இருப்பதால் அரசு அதை அணுக்கனிமமாகக் கருதுகிறது. இதே மணலில்தான் தை, மாசி இரவுகளில் பங்குனி ஆமை கரையேறி வந்து, பின்கால்களால் குழி பறித்து, ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு, குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. ஒரே கைப்பிடி மணல் ஒருவருக்குக் கனிமம், ஓர் உயிருக்குப் பிறப்பிடம். கனிமத்தை எடுத்தால் அந்த உயிருக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு, எடுப்பதற்கு முன்பே எழுத்தில் விடை தேடும் முயற்சிதான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு.

இந்தியாவில் இந்த மதிப்பீடு, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2006 செப்டம்பர் 14ஆம் நாள் வெளியான அறிவிக்கையின்படி நடைபெறுகிறது. திட்டம் எந்த வகையைச் சேர்ந்தது என்று முதலில் பிரிப்பார்கள். பிறகு எதை எதை ஆராய வேண்டும் என்று வரம்பு வகுப்பார்கள். ஆய்வு முடிந்து வரைவு அறிக்கை வந்ததும் மக்களிடம் கருத்துக் கேட்பார்கள். கடைசியாக நிபுணர் குழு அறிக்கையைப் பரிசீலித்து, அனுமதி தரலாமா என்று பரிந்துரைக்கும். பெரிய திட்டங்கள் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும், ஏனையவை மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கும் செல்லும். அறிக்கையை எழுதுவது அங்கீகாரம் பெற்ற ஓர் ஆலோசனை நிறுவனம். அதற்குக் கட்டணம் கொடுப்பது சுரங்கம் தோண்ட விரும்பும் நிறுவனம். ஆகவே அந்த அறிக்கை பொய்யாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆனால் அதைப் படிக்கும் நம் பொறுப்பு இதனால் கூடுகிறது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

நான் இங்கே அறிக்கையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: காட்டுயிர்களையும் மீன்களையும் பற்றிய அத்தியாயம். குமரி மாவட்டத்தில் இந்த அத்தியாயத்தைச் சரியாக எழுதுவது எளிதன்று. மாவட்டத்தின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, அதாவது 402 சதுர கிலோமீட்டர், கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம். யானை, புலி, காட்டெருமை, மிளா (கடமான்), வரையாடு, சிங்கவால் குரங்கு ஆகியவை அங்கே வாழ்கின்றன. அந்த மலையிலிருந்து இறங்கும் நீர் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளைக் கடந்து, கால்வாய்களிலும் குளங்களிலும் தங்கி, தேங்காப்பட்டணத்திலும் மணக்குடியிலும் கடலில் சேர்கிறது. காட்டுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தொலைவு பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் கடந்துவிடக்கூடியது. இவ்வளவு குறுகிய நிலத்தில் ஓரிடத்தில் கை வைத்தால் அதன் விளைவு வேறோரிடத்தில் தெரியத்தான் செய்யும்.

வட்டம் எங்கே முடிகிறது

அறிக்கையைத் திறந்ததும் கண்ணில் படுவது ஒரு வரைபடம். குத்தகை நிலத்தை நடுவில் வைத்து, அதைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்திருப்பார்கள். தோண்டப்படும் நிலத்தை மையப்பகுதி என்றும், சுற்றியுள்ளதைச் சுற்றுப்பகுதி என்றும் குறிப்பிடுவார்கள். அந்த வட்டத்துக்குள் சரணாலயம் வருகிறதா, காப்புக்காடு வருகிறதா, ஈரநிலம் வருகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. தேசியப் பூங்கா, சரணாலயம் ஆகியவற்றின் உள்ளேயும், அவற்றின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரையிலும் சுரங்கத்துக்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தெளிவுபடுத்தியுள்ளது. ஆகவே சரணாலய எல்லையிலிருந்து குத்தகை நிலம் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்பது அறிக்கையில் சரிபார்க்க வேண்டிய எண்களுள் ஒன்று.

எனினும் வட்டம் என்பது அலுவலக வசதிக்காக வரைந்த கோடு. தண்ணீர் அந்தக் கோட்டை மதித்து ஓடாது. கல்குளம் தாலுகாவில் ஒரு கல்குவாரியின் குழியில் தேங்கும் சேற்றுநீரை மோட்டார் வைத்து ஓடையில் இறைத்துவிட்டால், அந்தக் கலங்கல் வள்ளியாற்றின் வழியாகக் கடியப்பட்டணத்துக் கடல் வரை செல்லக்கூடும். எனவே நல்ல மதிப்பீடு வட்டத்தோடு நின்றுவிடாமல், நீர் போகும் வழியையும் யானை நடக்கும் வழியையும் மணல் நகரும் வழியையும் பின்தொடர்ந்து சென்று, அவை முடியும் இடத்தில்தான் தன் எல்லையை வகுக்கும். இந்த மாவட்டத்தைப் பற்றிய எந்த அறிக்கையையும் படிக்கும்போது, மேலே எந்த ஓடை, கீழே எந்தக் குளம், கடைசியில் ஆறு கடலில் சேரும் எந்தப் பொழிமுகம் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டே படியுங்கள்.

பட்டியலில் இருப்பதும் இல்லாததும்

அடுத்து வருவது உயிரினப் பட்டியல். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. அதன் அட்டவணைகள் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நான்காகக் குறைக்கப்பட்டன. முதல் அட்டவணையில் உள்ள விலங்குகளுக்கு மிக உயர்ந்த பாதுகாப்பு. இரண்டாவதில் உள்ளவற்றுக்கு அதற்கு அடுத்த நிலை. மூன்றாவது தாவரங்களுக்கு உரியது. நான்காவது, பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்ட இனங்களுக்கு உரியது. ஆய்வுப் பகுதியில் முதல் அட்டவணை விலங்கு ஏதேனும் இருப்பதாகத் தெரிந்தால், அதற்கெனத் தனிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை நிறுவனம் வகுத்து, வனத்துறையின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

நம் ஊர்ப்பக்கத்து அறிக்கைகளில் முதல் அட்டவணை விலங்கு என்று வந்தால் மயில்தான் முன்னே நிற்கும். மயில் எங்கும் தென்படும், பகலில் உலவும், கூவித் தன் இருப்பைத் தானே அறிவிக்கும். ஆகவே ஒரே நாள் சுற்றி வந்தவர் கண்ணிலும் அது படும். தேவாங்கு அப்படியன்று. அது இரவில் கிளையோடு கிளையாக மெல்ல நகரும் சிறு விலங்கு. கையில் விளக்குடன் இரவில் நடந்து, அதன் கண்கள் சிவந்து ஒளிர்வதைத் தேடினால்தான் காணலாம். அழுங்கு எனும் எறும்புதின்னி பகலெல்லாம் வளையில் கிடக்கும். உடும்பு ஆள் அரவம் கேட்டதும் மறைந்துவிடும். இம்மூன்றும் முதல் அட்டவணையில் இருப்பவையே. பகலில் மட்டும் களத்தில் இருந்த குழுவின் பட்டியலில் மயில் மட்டும் இருப்பது இயல்பு. அதை வைத்து, மற்றவை அங்கே வாழவில்லை என்று முடிவு செய்ய முடியாது.

ஆகவே பட்டியலைப் படிப்பதற்கு முன், அது எவ்வாறு கிடைத்தது என்பதைப் படிக்க வேண்டும். எத்தனை நாள் களத்தில் இருந்தார்கள், எத்தனை கிலோமீட்டர் நேர்கோட்டுத் தடத்தில் நடந்தார்கள், தானியங்கிக் கேமராக்களை எத்தனை இரவு வைத்திருந்தார்கள், ஓடையில் எந்தக் கண்ணி அளவுள்ள வலையை வீசினார்கள் என்பன அறிக்கையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மலைப்பக்கத்தில் காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்பில் விசாரித்தோம், கரையில் மீனவர்களைக் கேட்டோம் என்றால், எந்த நாளில், எத்தனை பேரிடம் என்றும் இருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல், ஏற்கெனவே வெளியான நூல்களிலிருந்தும் வனத்துறை ஆவணங்களிலிருந்தும் எடுத்த பெயர்களை மட்டும் அடுக்கியிருந்தால், அந்த அத்தியாயம் அந்த நிலத்தைப் பார்த்து எழுதப்படவில்லை என்று பொருள்.

எந்த மாதத்தில் தேடினார்கள்

இனி, என் மனத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்விக்கு வருகிறேன். சுரங்கத் திட்டங்களுக்கு வழக்கமாகக் கேட்கப்படுவது, மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தின் அடிப்படைத் தரவு. ஏறத்தாழ மூன்று மாதம். இந்த விதி காற்றின் தூசியையும் நிலத்தடி நீரையும் அளப்பதற்குப் பொருந்தலாம். உயிர்களுக்குப் பொருந்துவது கடினம். வானிலைத் துறையின் நாடு தழுவிய வகைப்பாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்கள் பருவமழைக்குப் பிந்தைய காலம். குமரிக்கோ அது வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும் இங்கே உண்டு. ஆண்டில் இரு முறை மழை பெறும் ஒரு மாவட்டத்தில் எந்த மூன்று மாதத்தைத் தேர்ந்தெடுத்தாலும், அதற்கு வெளியே நடப்பவை அறிக்கையில் இல்லாமல் போகும்.

மிடாலம் கரையில் வலை சீராக்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் ஒருமுறை இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் நூலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "மக்ளே, ஐப்பசியில வந்து ஆமையத் தேடினா எங்க கெடைக்கும்? தை, மாசி, பங்குனியில ராத்திரி வந்து நில்லு. பேரிலயே மாசம் இருக்குல்லா."

அவர் சொன்னது ஆய்வு முறையின் அடிப்படை. ஒவ்வோர் உயிருக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. பங்குனி ஆமை தமிழகக் கரைகளில் பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிடும். 2022இல் ராம்சார் ஈரநிலங்களாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக, அறிவிக்கப்பட்ட சுசீந்திரம் தேரூர்க் குளங்களிலும் வேம்பனூர்க் குளத்திலும் வலசைப் பறவைகள் குளிர்காலத்தில்தான் கூடும். மே மாதத்தில் சென்று எண்ணியவருக்கு அந்தக் குளங்கள் சாதாரணப் பாசனக் குளங்களாகவே தெரியும். மீன்களின் நாட்காட்டியை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும், 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. இரண்டு கரைகளும் நம் மாவட்டத்தில் சந்திப்பதால், சின்னமுட்டத்தில் ஒரு காலத்திலும் குளச்சலில் வேறொரு காலத்திலும் படகுகள் கரையில் நிற்கின்றன. மீன் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று சொல்லி மீனவரைக் கரையில் நிறுத்தும் அதே அரசு, அந்த மாதங்களில் எடுத்த தரவு இல்லாத மீன்வள அத்தியாயத்தை முழுமையானதாக ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மணலின் நிறம் மாறினால்

தாக்கம் என்பதை எவ்வாறு கணிக்கிறார்கள் என்பதை ஆமையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்க்கலாம். நான்கு படிகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: என்ன செய்யப் போகிறார்கள், அதனால் இடத்தில் என்ன மாறும், அந்த மாற்றம் யாரைச் சென்று தொடும், தொட்டால் என்ன ஆகும். முதல் படியிலிருந்து நான்காம் படிக்குத் தாவிவிடும் அறிக்கைகளே அதிகம். "கடற்கரையில் மணல் எடுக்கப்படும், ஆமைகளுக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை" என்று இரு வாக்கியங்களில் முடித்துவிடுவார்கள். நடுவில் இருக்கும் இரண்டு படிகளில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

செயல் என்ன? மணலை வாரி, கனமான கனிமங்களைப் பிரித்துவிட்டு, எஞ்சிய மணலைத் தோண்டிய இடத்திலேயே நிரப்புவது. இடத்தில் என்ன மாறும்? கறுப்பான இல்மனைட் நீங்கிய மணல் வெளிறிப்போகும். கறுப்பு மணல் வெயிலை அதிகமாக உறிஞ்சிச் சூடாகும் என்பது மதிய நேரத்தில் வெறுங்காலுடன் இந்தக் கரையில் நடந்தவர்கள் அனைவருக்கும் தெரியும். வெளிறிய மணல் அவ்வளவு சூடாகாது. இனி, இந்த மாற்றம் தொடுவது யாரை? குழிக்குள் 45 முதல் 60 நாட்கள் வரை கிடக்கும் முட்டைகளை. அம்முட்டைகளுக்குள் வளரும் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதே மணலின் வெப்பம்தான். ஏறத்தாழ 29, 30 பாகை செல்சியஸை ஒட்டி ஒரு நடுக்கோடு இருக்கிறது. அதற்கு மேல் பெண்குஞ்சுகள் பெருகும், கீழே ஆண்குஞ்சுகள் பெருகும். ஆக, மணலின் அளவு அப்படியே நிரப்பப்பட்டாலும், அதன் நிறம் மாறினால் பிறக்கும் குஞ்சுகளின் ஆண் பெண் விகிதம் மாற வாய்ப்பிருக்கிறது. இதை உறுதியாகச் சொல்லவோ மறுக்கவோ வேண்டுமானால், தோண்டாத மணலிலும் நிரப்பிய மணலிலும் ஒன்றரை அடி ஆழத்தில் வெப்பமானியைப் புதைத்து, முட்டையிடும் பருவம் முழுவதும் அளந்து பார்க்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு சுரங்கத் திட்டத்தின் கணக்கில் மிகச் சிறியது.

நிறம் மட்டுமன்று. கனரக வண்டிகள் ஓடிய மணல் இறுகிவிட்டால் ஆமையால் குழி பறிக்க முடியாது, பறித்தாலும் குஞ்சுகளால் மேலே ஏறி வர முடியாது. இரவில் எரியும் விளக்குகளின் ஒளி, கடல் பக்கத்து வெளிச்சத்தை நோக்கி ஓடவேண்டிய குஞ்சுகளை ஊர்ப்பக்கம் இழுத்துவிடும். கரையின் சரிவு மாறினால், முன்பு அலை எட்டாத இடத்தில் இருந்த முட்டைக்குழி அலையில் நனையும். 2019ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை ஆமை முட்டையிடும் கரைகளை மிக நுண்ணிய பகுதிகளாக வகைப்படுத்துகிறது. கடற்கரை மண்டலத்தில் மணல் அள்ளுவதைத் தடைசெய்யும் அதே விதிகள், வேறிடத்தில் கிடைக்காத அரிய கனிமங்களுக்கு விலக்கும் அளிக்கின்றன. அந்த விலக்கின் வழியாக ஒரு திட்டம் உள்ளே வரும்போதுதான், மேலே சொன்ன நடுப்படிகளை யாராவது பொறுமையாக நடந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

மீன் என்றால் எந்த மீன்

வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்ற மீன்கள் மிகச் சில. திமிங்கலச் சுறா, கடல்குதிரை, வேளா மீன் போன்றவை முதல் அட்டவணையில் உள்ளன. அவை குமரிக் கடலுக்கு அந்நியமானவை அல்ல. அறிக்கையில் இவற்றின் பெயர் இல்லை என்றதும் மீன்களுக்குப் பாதிப்பு இல்லை என்று எழுதிவிடும் பழக்கம் ஒன்று உண்டு. சாளை, நெத்திலி, அயலை, கணவாய், நெய்மீன் ஆகியவை எந்த அட்டவணையிலும் இல்லை. ஆனால் ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் கரையில் வாழும் வீடுகளின் உலையை எரியவைப்பவை அவைதான். சட்டம் காக்கும் மீனும், வாழ்க்கையைக் காக்கும் மீனும் தனித்தனியாகவும் முழுமையாகவும் ஆராயப்பட வேண்டியவை.

மீன்களுக்கு வரும் பாதிப்பின் பெரும்பகுதி கலங்கலில் தொடங்குகிறது. குவாரியின் கல்தூளும், கழுவிய மணலின் வண்டலும் நீரில் மிதக்கும்போது மீன்களின் செவுள்களில் படிந்து மூச்சை நெருக்கும். கூழாங்கற்களின் இடுக்கில் முட்டையிடும் மலையோடை மீன்களுக்கு, அந்த இடுக்கில் புது நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டல் அதை அடைத்துவிட்டால் முட்டைகள் காற்றில்லாமல் மடியும். தாய்மீன் அங்கே நீந்திக்கொண்டிருப்பதைப் பார்த்து ஓடை நலமாக இருப்பதாக எழுதலாம். ஆனால் அடுத்த ஆண்டு வரவேண்டிய குஞ்சுகள் அப்போதே போயிருக்கும்.

பொழிமுகங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். விலாங்கு ஆற்றிலும் குளத்திலும் ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகக் கடலுக்குச் செல்கிறது. மடவை கடலில் பிறந்து குஞ்சுப் பருவத்தில் பொழிக்குள் நுழைகிறது. இறால் குஞ்சுகளும் அவ்வாறே. மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் இடத்தில் அலையாத்திச் செடிகளின் வேர்களுக்கு இடையே ஒதுங்கி வளர்வது இவைபோன்ற குஞ்சுகள்தான். பொழி எப்போது திறக்கிறது, எப்போது மணல் சேர்ந்து மூடுகிறது என்பதைப் பொறுத்தே இவற்றின் போக்குவரத்து நடக்கிறது. கரையோர மணலின் அளவை மாற்றும் எந்தத் திட்டமும் பொழியின் கதவை மாற்றியமைக்கக்கூடும். எனவே ஆற்று மீனைத் தனியாகவும் கடல் மீனைத் தனியாகவும் பட்டியலிடும் அறிக்கை, இரண்டுக்கும் நடுவே உள்ள இந்த வாசலை விட்டுவிடுகிறது.

கடியப்பட்டணம், முட்டம், இனயம் பக்கத்துப் பாறைகளில் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. தென்மேற்குக் காற்று ஓயும் நாட்களில் அரிசி அளவுள்ள இளஞ்சிப்பிகள் மெல்லிய நூல்களால் பாறையைப் பற்றிக்கொள்கின்றன. பாறையின் மேல் வண்டல் படிந்திருந்தால் அந்த நூல் ஒட்டாது. ஒட்டாத சிப்பி வளராது. கடல் நீரைக் குடுவையில் எடுத்துச் சோதித்து, கலங்கல் வரம்புக்குள் இருக்கிறது என்று சான்று தரலாம். பாறையின் முதுகைக் கையால் தடவிப் பார்க்கும் சோதனையும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் அந்த ஊர்களிலேயே இருக்கிறார்கள்.

மலைப்பக்கத்துக் கல்குவாரிகள்

குமரியில் சுரங்கம் என்றால் கடற்கரை மணல் மட்டுமன்று. கல்குளம், விளவங்கோடு, தோவாளை வட்டங்களின் கல்குவாரிகளும் அந்தச் சொல்லில் அடங்கும். ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற ஆணைக்குப் பின் நிலைபெற்ற விதி. இங்கே கவனிக்க வேண்டியது, ஒலியையும் அதிர்வையும் அளக்கும் முறை. வெடி வைக்கும்போது ஏற்படும் நில அதிர்வுக்கு உள்ள வரம்புகள் வீட்டுச் சுவர் விரிசல் விடாமல் இருப்பதற்காக வகுக்கப்பட்டவை. ஒலி அளவு மனிதச் செவிக்கு ஏற்பத் திருத்தி எழுதப்படுகிறது. யானையோ நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியால் தொலைவில் உள்ள கூட்டத்தோடு பேசும் விலங்கு. மீன் தன் உடலின் பக்கவாட்டு உணர்கோட்டால் நீரின் சிறு அசைவையும் உணரும். வீடு பாதுகாப்பாக இருக்கிறது என்பதால் காடும் ஓடையும் பாதுகாப்பாக இருக்கின்றன என்று எழுதுவது, அளவுகோலை மாற்றி அளப்பதாகும்.

குவாரிகள் ஒன்றையொன்று ஒட்டி வருவதும் வழக்கம். 500 மீட்டர் தொலைவுக்குள் இருக்கும் குத்தகைகளை ஒரே தொகுப்பாகக் கருதி மதிப்பிட வேண்டும் என்று விதி உண்டு. நான் இதை இன்னும் விரித்துப் பார்க்க வேண்டும் என்பேன். ஒரு குவாரியின் லாரி தனியாகப் பார்த்தால் சிறிய தொல்லை. ஒரே சாலையில் பத்துக் குவாரிகளின் லாரிகள் இரவும் பகலும் ஓடினால், அந்தச் சாலை மிளாவுக்கும் முள்ளம்பன்றிக்கும் தாண்ட முடியாத மதிலாகிவிடும். கடற்கரையிலும் இப்படித்தான். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்சுவர், துறைமுகத்து அலைத்தடுப்பு, கடலுக்குள் நீளும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகள் ஆகியவற்றால் ஆமை ஏறக்கூடிய மணற்கரை ஏற்கெனவே துண்டு துண்டாகச் சுருங்கியிருக்கிறது. எஞ்சிய துண்டுகளில் ஒன்றைத் தோண்டுவதன் எடை, நீண்ட மணற்கரையில் ஓரிடத்தைத் தோண்டுவதன் எடையைவிடப் பல மடங்கு அதிகம். ஒரு திட்டத்தை மட்டும் தனியே பிரித்து வைத்துப் பார்க்கும் அறிக்கையில் இந்த எடை தெரியவே தெரியாது.

பரிகாரம் எழுதும் பக்கம்

தாக்கங்களைக் கணித்த பிறகு, அவை எவ்வளவு பெரியவை என்று தீர்மானிப்பார்கள். எவ்வளவு பரப்பு, எவ்வளவு காலம், மீளக்கூடியதா மீளாததா என்பவை அளவுகோல்கள். இவற்றில் மீளுமா என்பதே எனக்கு முதன்மையானது. தூசி மழையில் அடங்கும். வெட்டி எடுத்த மலை மீண்டும் வளராது.

பிறகு வரும் பரிகாரங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முடிந்தால் தவிர்க்க வேண்டும், முடியாவிட்டால் குறைக்க வேண்டும், பின்னர் சீரமைக்க வேண்டும், எதுவும் இயலாதபோதுதான் வேறிடத்தில் ஈடுசெய்ய வேண்டும். நடைமுறையில் பல அறிக்கைகள் கடைசிப் படியிலிருந்தே தொடங்குகின்றன. மயிலுக்கான பாதுகாப்புத் திட்டம் என்ற தலைப்பின் கீழ், தண்ணீர்த் தொட்டி அமைப்போம், மரக்கன்று நடுவோம், விழிப்புணர்வுப் பலகை வைப்போம் என்று இருக்கும். ஆமை முட்டையிடும் நான்கு மாதங்களில் கரையில் வேலையை நிறுத்துவோம் என்ற ஒற்றை வரி, அத்தகைய பத்துத் தொட்டிகளைவிட மதிப்புள்ளது. பரிகாரத்தைப் படிக்கும்போது, அது எந்தத் தாக்கத்துக்கு மருந்து என்று ஒவ்வொன்றுக்கும் நேராகக் குறித்துப் பாருங்கள். எதற்கும் மருந்தாக இல்லாதவை எத்தனை என்பது விரைவில் தெரிந்துவிடும்.

மக்கள் பேசும் இடம்

வரைவு அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். குறைந்தது 30 நாட்களுக்கு முன் நாளிதழ்களில் அறிவித்துவிட்டு, மாவட்ட ஆட்சியர் அல்லது அவரால் நியமிக்கப்படும் உயர் அலுவலர் தலைமையில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கருத்துக்கேட்புக் கூட்டத்தை நடத்த வேண்டும். கூட்டம் முழுவதும் காணொளியாகப் பதிவாக வேண்டும். கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் எழுத்தில் கருத்து அனுப்பலாம். எழுப்பப்பட்ட ஒவ்வொரு கேள்விக்கும் இறுதி அறிக்கையில் விடை இருக்க வேண்டும். கிள்ளியூர் வட்டத்தில் சுமார் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்காக 2024 அக்டோபர் தொடக்கத்தில் நடக்கவிருந்த கூட்டம், மக்களின் எதிர்ப்பையடுத்துத் தள்ளிவைக்கப்பட்டது. அதன் பிறகு 2025 செப்டம்பரில், அணுக்கனிமங்கள் உள்ளிட்ட சில கனிமங்களின் சுரங்கத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பிலிருந்தே மத்திய அமைச்சகம் விலக்கு அளித்தது. மிடாலத்து முதியவர் சொன்ன அந்த ஒற்றை வாக்கியம் அரசின் பதிவேட்டில் ஏறுவதற்கு இருந்த வழி அந்தக் கூட்டம்தான் என்பதை எண்ணும்போது, இந்த விலக்கு எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

ஆயினும் கல்குவாரிகள் போன்ற ஏனைய திட்டங்கள் பலவற்றுக்குக் கூட்டம் இன்னும் உண்டு. விண்ணப்பங்களும் அறிக்கைகளும் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவேற்றப்படுகின்றன. அனுமதி கிடைத்த பிறகும் நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாட்களில், நிபந்தனைகளைக் கடைப்பிடித்ததற்கான அரையாண்டு அறிக்கையைத் தர வேண்டும். அனுமதியே தவறு என்று கருதுபவர்கள் 30 நாட்களுக்குள் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்யலாம்.

ஓர் அறிக்கை கையில் கிடைத்தால் எந்தப் பக்கத்தை முதலில் திறப்பது என்று பலரும் கேட்கிறார்கள். நான் உயிரினப் பட்டியலுக்கு முன்னால், களப்பணி நடந்த தேதிகள் குறிக்கப்பட்டிருக்கும் பக்கத்தைத் திறப்பேன். பக்கத்தில் ஒரு தமிழ் நாட்காட்டியை வைத்துக்கொள்வேன். கடற்கரைத் திட்டமாக இருந்தால் தை முதல் பங்குனி வரை அங்கே யாராவது இரவில் நின்றார்களா என்று பார்ப்பேன். குளமோ ஆறோ இருந்தால், இரண்டு மழைகளுக்கும் முன்னும் பின்னும் நீர் அளக்கப்பட்டதா என்று பார்ப்பேன். அந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதி, கரையிலோ குளத்தங்கரையிலோ இருக்கும் ஒருவரிடம் கொடுத்து, இந்த நாட்களில் இங்கே என்ன இருக்கும், என்ன இருக்காது என்று கேட்பேன். அவர் சொல்வதை அப்படியே எழுதி, தேதியும் இடமும் குறித்து, வாரியத்துக்கு அனுப்பும் கருத்துக் கடிதத்துடன் இணைப்பேன்.